முதல் தடவை காரைத் தாழ்த்த லோயரிங் ஸ்பிரிங் போடப் போகிறேன், எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

என்ன கார் என்று கேள்வியில் சொல்லவில்லை, இருப்பது வடசென்னை என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். பாதிப் பதிலுக்கு அதுவே போதும். நானும் தண்டையார்பேட்டைதான், கார் எதுவானாலும் ஓடப்போகிற ரோடு ஒன்றுதானே.

என் தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். என்னுடையது 2013 டீசல் ஸ்விஃப்ட். டயருக்கும் அதற்கு மேலே வளைந்திருக்கிற ஃபெண்டர் தகட்டுக்கும் நடுவில் நான்கு விரல் நுழைகிற அந்த இடைவெளியைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகி ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். "எதுக்கு தம்பி வெளிநாட்டு ஸ்பிரிங்கு, ஒரு சுத்து வெட்டிட்டா வேலை முடிஞ்சுது" என்றார். மதியமே நான்கு ஸ்பிரிங்கையும் கிரைண்டரில் வெட்டி மாட்டியாயிற்று, கார் நிற்கும்போது அழகாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு வீட்டில் ஐந்து பேரும் ஏறி திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போனோம். பின்னால் டொம், டொம் என்று வழி முழுக்க அடி. கோயில் வாசலில் இறங்கிய அம்மா, "நான் திரும்பிப் போறப்ப மெட்ரோவுல போய்க்கறேன்டா" என்று சொன்னதோடு நிற்காமல் நிஜமாகவே ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டார்.

வெட்டினால் ஏன் இப்படி ஆகிறது? வேலை செய்கிற சுற்று 6 இருந்து அதில் 1 போனால் மீதி ஸ்பிரிங் 20 சதவீதம் இறுகிவிடும். அதாவது உயரமும் குறைகிறது, இறுக்கமும் கூடுகிறது, ஆனால் எவ்வளவு கூட வேண்டும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. தவிர, ஸ்பிரிங்கின் முனை கீழே இருக்கிற கிண்ணத்தில் பொருந்தி உட்காரும்படி செய்யப்பட்டிருக்கும். வெட்டிய முனை அப்படி உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் லூசாகி இடம் நகரும், டக் என்று சத்தம் வரும். ஆகவே வெட்டுவது, சூடு காட்டி உட்கார வைப்பது இரண்டையும் இன்றோடு மறந்துவிடுங்கள்.

சரி, வாங்குகிற விஷயத்துக்கு வருவோம். எல்லோரும் முதலில் பிராண்டைத்தான் கேட்கிறார்கள். ஐபாக், எச் அண்ட் ஆர் மாதிரி ஜெர்மன் கம்பெனிகள் நல்ல பொருள்தான் செய்கிறார்கள், அதில் சண்டை இல்லை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இறக்கிய பிறகு என் ஷாக்கில் எவ்வளவு ஓட்டம் மிச்சம் இருக்கும்? ஷாக் என்பது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிற பாகம், ஓட்டம் என்பது அதன் தண்டு உள்ளே போய்வர இருக்கிற இடம். கார் 40 மி.மீ. இறங்கினால், சக்கரம் மேலே வருவதற்கு இருந்த இடத்திலும் ஏறக்குறைய அந்த 40 மி.மீ. போய்விடுகிறது. மிச்சம் இருக்கிற கொஞ்ச இடத்துக்குள் அதே பள்ளத்தைத் தாங்க வேண்டும், அதற்காகத்தான் லோயரிங் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கமாகச் செய்கிறார்கள். இடம் தீர்ந்துபோனால் உள்ளே பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும். அம்மாவை மெட்ரோவில் ஏற்றியது அந்த இடிதான். காரின் வயிறு தரையில் தட்டுவது எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை, ஷாக்குக்குள் நடக்கிற இதை வாங்குவதற்கு முன் யாரும் யோசிப்பதில்லை.

மிச்சத்தை நீங்களே அளந்து பார்க்கலாம். ஷாக் தண்டின் மேல் இருக்கிற தூசி உறையைக் கொஞ்சம் தூக்கி, தண்டில் ஒரு சின்ன கேபிள் டை கட்டி கீழே இறக்கிவிடுங்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு நீங்கள் தினமும் போகிற வழியில் ஒரு சுற்று போய் வாருங்கள். டை எங்கே ஏறி நிற்கிறதோ அதற்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவில் இருப்பதுதான் உங்களிடம் இருக்கிற கையிருப்பு. கம்பெனி போட்டுக் கொடுத்த ஸ்டாக் ஸ்பிரிங்கிலேயே டை பம்ப் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் போய் நின்றால், 40 மி.மீ. ஆசையை அங்கேயே விட்டுவிடலாம்.

நம்ம பக்கம் தினசரி வழி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்று நின்று, டயர் பதிகிற இடமெல்லாம் குழியாகி நடுவில் மட்டும் மேடு எழும்பி நிற்கிற இடங்கள் உண்டு. லாரிக்கு அது ஒன்றுமே இல்லை, நம் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கிற சம்ப் நேராக அந்த மேட்டுக்கு மேலேதான் போகும். அப்புறம் வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலத்தில் மெதுவாக ஏறி இறங்க வேண்டும். நம்ம தெருவில் மிச்சக் கலவையை ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிச் செய்ததை அளந்தால் ஒரு முழ அகலம்கூட வராது. என் ஸ்விஃப்டின் தரை இடைவெளி 170 மி.மீ. அதில் 40 போய், ஐந்து பேர் ஏறி இன்னும் கொஞ்சம் போய், என்ன மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள். மழைக்காலத்தில் வியாசர்பாடி ஜீவா சுரங்கப்பாதை பக்கம் போகிறவராக இருந்தால் தண்ணீர் கணக்கு தனி.

எங்க மாமா சோழவரத்தில் கார் ரேஸ் பார்த்தவர், காரைத் தாழ்த்துவதைப் பற்றிப் பேசினாலே அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். அது பழைய விமான ஓடுதளம் மாமா, எவ்வளவு தாழ்ந்தாலும் ஓடும், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஓடுமா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆகவே முதல் தடவைக்கு 25 முதல் 30 மி.மீ., அதற்கு மேல் வேண்டாம். ப்ரோகிரசிவ் வகை கிடைத்தால் எடுங்கள். அதில் ஒரு பக்கம் சுற்றுகள் நெருக்கமாகவும் மறுபக்கம் தள்ளியும் இருக்கும், சின்ன மேடு பள்ளத்தில் மெதுவாக நடந்துகொண்டு அழுத்தம் ஏற ஏற இறுகும். நம் ரோட்டுக்கு அதுதான் தோது.

கடைக்காரர் இரண்டு ஸ்பிரிங்கைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி "பாருங்க எவ்ளோ கட்டை" என்று காட்டினால் நம்பாதீர்கள். குட்டையான ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் கார் இறங்காமலே நிற்கும், நீளமானது மெத்தென்று இருந்தால் ஒரேயடியாக உட்கார்ந்துவிடும். உங்கள் மாடலுக்கு, உங்கள் எஞ்சினுக்கு என்று பார்ட் நம்பர் இருக்கிறதா என்று கேளுங்கள். டீசல் எஞ்சின் கனம், பெட்ரோலுக்குச் செய்த முன் ஸ்பிரிங்கை அதில் போட்டால் மூக்கு கவிழ்ந்துகொள்ளும். புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் எந்த வண்டியில் இருந்து கழற்றியது என்று தெரியாத ஸ்பிரிங்கை நான் வாங்க மாட்டேன்.

ஷாக் 60,000, 70,000 கி.மீ. ஓடியிருந்தால் அதையும் மேலே இருக்கிற மவுன்ட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கழற்றுகிற கூலி எப்படியும் ஒன்றுதான், தளர்ந்த ஷாக்கில் இறுக்கமான ஸ்பிரிங் போட்டால் கார் துள்ளிக்கொண்டே போகும். இந்த வேலையை வீட்டு வாசலில் நீங்களே செய்து பார்க்க வேண்டாம். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கம்ப்ரெசர் கருவியை மாட்டாமல் மேல் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் தெறித்து ஆளையே அடிக்கும்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். சக்கரத்தைப் பிடித்திருக்கிற கீழ் ஆர்மில் புஷ் என்கிற ரப்பர் வளையம் இருக்கும், அதன் போல்ட்களை லிஃப்டில் தொங்கும்போது முழுக்க இறுக்கக் கூடாது, சக்கரம் தரையில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லையென்றால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். அளவு எடுப்பதும் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை, மாட்டுவதற்கு முன்பும் பின்பும், நான்கு பக்கமும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கூடக் கணக்கைக் கெடுக்கும். வீல் அலைன்மென்ட் மாட்டின அன்றே ஒரு தடவை, இரண்டு வாரம் ஓடி ஸ்பிரிங் கொஞ்சம் படிந்த பிறகு இன்னொரு தடவை. நான் இரண்டாவதைத் தள்ளிப்போட்டு முன் டயர் இரண்டிலும் உள்விளிம்பைத் தேய்த்துக்கொண்டேன். ஹெட்லைட் எங்கே அடிக்கிறது என்றும் அன்றே பார்த்துவிடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள், விற்கும்போது வேண்டும்.

இப்போது என் வண்டியில் 30 மி.மீ. ஸ்பிரிங், புது ஷாக். தம்பி சுற்றிச் சுற்றி வந்து, "எங்கண்ணா இறக்கின, அப்படியேதானே இருக்கு" என்றான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பின் சீட்டில் தூங்கிவிட்டார். உங்கள் கார் என்ன, பெட்ரோலா டீசலா, பின் சீட்டில் தினமும் ஆள் உட்காருமா என்று சொல்லுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.