கூரைக்குள் பதிக்கும் விளக்குகள்: புதுவீடு கட்டுவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கோவை வட்டாரத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வீடுகளுக்கு மின்வேலை எடுத்துச் செய்துவரும் ஒப்பந்ததாரர் விடையளிக்கிறார்.

கேள்வி: ஐயா, அடுத்த வாரம் எங்கள் வீட்டிற்குக் கூரைக் கான்கிரீட் போடுகிறார்கள். ஃபால்ஸ் சீலிங் செய்யப்போவதில்லை. கூரையிலேயே விளக்குப் பெட்டிகளைப் பதித்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். கூரையின் பலம் குறைந்துவிடாதா? (பெருந்துறை)

பதில்: பெட்டியைவிட, பெட்டிக்காக வெட்டப்படும் கம்பியைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். வீட்டுக் கூரை பெரும்பாலும் ஐந்து அங்குலக் கனத்தில் போடப்படுகிறது. கம்பிகளுக்கு இடையே ஐந்தாறு அங்குலம் இடைவெளி இருக்கும். விளக்குப் பெட்டி அந்த இடைவெளிக்குள் அமர வேண்டும். கம்பி குறுக்கே வந்தால் பெட்டியை நகர்த்துங்கள். கம்பியில் யாரும் கை வைக்கக் கூடாது. பீம் வரும் இடத்திலும் தூணை ஒட்டியும் பெட்டி வேண்டாம். ஒரே வரிசையில் பல பெட்டிகள் வருமானால், கம்பி கட்டி முடித்ததும் பொறியாளரை அழைத்துக் காட்டிவிடுங்கள்.

அடுத்தது, பெட்டிக்குள் சிமென்ட் பால் இறங்காமல் பார்த்துக்கொள்வது. தெர்மாகோல் துண்டையோ நனைத்த செய்தித்தாளையோ உள்ளே இறுக்கமாக அடைத்து, வாயை டேப்பால் மூடி, சென்ட்ரிங் தகட்டோடு (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் தற்காலிகத் தட்டு) அசையாமல் கட்ட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் சென்ட்ரிங் பிரித்த அன்று, நான் வைத்த பதினான்கு பெட்டிகளில் மூன்றைக் காணவில்லை. கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் பட்டு மேலே எழும்பி, அவை கான்கிரீட்டுக்குள் போய்விட்டன. அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு சுவர்களிலிருந்தும் அளவு டேப் பிடித்து, அளவு தெரியும்படி புகைப்படம் எடுத்து வைக்கிறேன். கான்கிரீட் கொட்டும் நேரம் முழுவதும் என் ஆள் ஒருவர் மேலே நிற்கிறார்.

கேள்வி: பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறைக்கு எத்தனை விளக்குகள் வேண்டும்? ஆறு என்கிறார் கடைக்காரர். (திருச்சி)

பதில்: கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 120 சதுர அடி என்பது ஏறத்தாழ 11 சதுர மீட்டர். ஒளியின் அளவை லூமன் என்பார்கள்; ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். பொதுவான வெளிச்சத்துக்கு 150 லக்ஸ் போதும் என்று கொண்டால், தரையில் 1,650 லூமன் விழ வேண்டும். சுவரும் கூரையும் விழுங்குவதையும், நாள்பட விளக்கு மங்குவதையும் சேர்த்தால் 2,800 லூமன் அளவுக்குத் தேவைப்படும். வாட்டுக்கு 90 லூமன் தரும் விளக்கானால் மொத்தம் 31 வாட் வருகிறது. எட்டு வாட்டில் நான்கு விளக்குகள் இதற்குச் சரியாக இருக்கும்.

ஆறு வாட்டில் ஆறு விளக்குகள் வைத்தாலும் வெளிச்சக் கணக்கு தேறிவிடும், இடிப்பது மின்விசிறிதான். ஆறையும் இரண்டு வரிசையாகப் பிரித்தால், நடுவிலுள்ள இரண்டும் விசிறியின் மையத்திலிருந்து இரண்டரை அடியில் வந்து விழும். 48 அங்குல விசிறியின் இறக்கை நுனி மையத்திலிருந்து இரண்டு அடி வரை சுற்றுகிறது. கூரையிலிருந்து சாய்வாக இறங்கும் ஒளியை இறக்கைகள் வெட்டி வெட்டி விடும்; படுத்திருப்பவர் கண்ணுக்கு அறையே துடிப்பதுபோல் தெரியும். தலைவலி என்று என்னிடம் வந்த வீட்டுக்காரர்கள் பலர், விளக்கு மட்டமான சரக்கு என்றே நினைத்திருந்தார்கள். நான்கு விளக்குகளை நீளப் பக்கத்தில் சுவரிலிருந்து மூன்று அடியும் அகலப் பக்கத்தில் இரண்டரை அடியும் தள்ளி வைத்தால், ஒவ்வொன்றும் விசிறி மையத்திலிருந்து கிட்டத்தட்ட நான்கு அடி விலகி நிற்கும். மூன்றரை அடிக்குக் கீழே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாளில் வரையும்போது முதலில் விசிறியின் வட்டத்தைப் போட்டுவிட்டுப் பிறகு விளக்குகளுக்குப் போவது என் வழக்கம்.

நான்கையும் ஒரே சுவிட்சில் கோக்காமல் இரண்டிரண்டாகப் பிரித்தால் இரவில் பாதி வெளிச்சம் போதுமானதாக இருக்கும். அதற்கான கூடுதல் வயர் செல்ல இடமுள்ள பைப்பைக் கான்கிரீட்டுக்கு முன்பே போட்டாக வேண்டும்.

கேள்வி: விளக்கோடு வரும் டிரைவரை எங்கே வைப்பது? (மதுரை)

பதில்: விளக்குத் துளை வழியாகக் கையை விட்டு வெளியே எடுக்கக்கூடிய இடத்தில் மட்டுமே வைக்க வேண்டும். டிரைவர் என்பது வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி. எல்இடி விளக்கில் பெரும்பாலும் முதலில் பழுதாவது டிரைவர்தான். வெப்பமும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் அதன் ஆயுளைக் குறைக்கின்றன. ஆழம் குறைந்த பெட்டியில் டிரைவரைத் திணித்து, விளக்கை மேலே அமுக்கிப் பொருத்திவிட்டுப் போவது எங்கள் தொழிலில் நடக்கும் தவறு. எனவே விளக்கை முதலில் வாங்கி, டிரைவரோடு சேர்த்து அளந்து பார்த்தபின் பெட்டி வாங்குங்கள்.

கேள்வி: சுவிட்சை அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக எரிகிறது. இது ஆபத்தா? (நாகர்கோவில்)

பதில்: சுவிட்சில் சிறிய இண்டிகேட்டர் விளக்கு இருந்தால், அதன் வழியாகக் கசியும் மிகச்சிறு மின்னோட்டமே எல்இடியை மினுக்கப் போதும், அது தொல்லையே தவிர ஆபத்தில்லை. இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சாக இருந்தால்தான் நான் யோசிப்பேன். மின்சாரம் வரும் ஃபேஸ் வயரில் வர வேண்டிய சுவிட்சை, திரும்பிச் செல்லும் நியூட்ரல் வயரில் கொடுத்திருக்கலாம். அப்படியிருந்தால் சுவிட்சை அணைத்தாலும் விளக்கு முனையில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். அணைத்துவிட்டோம் என்று நம்பி விளக்கை மாற்றுபவருக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. எலக்ட்ரீஷியனை அழைத்து உடனே சரிபாருங்கள். அதுவரை அந்த விளக்கைத் தொட வேண்டாம். இரண்டும் இல்லையென்றால், நீளமாக ஒன்றோடொன்று ஒட்டி ஓடும் வயர்களுக்கிடையே தூண்டப்படும் மின்னழுத்தம் காரணமாக இருக்கலாம்.

கேள்வி: மழை பெய்தால் மாடி அறையில் விளக்குத் துளை வழியாகத் தண்ணீர் சொட்டுகிறது. விளக்கை மாற்றினால் சரியாகுமா? (நீலகிரி)

பதில்: ஆகாது. தண்ணீர் மொட்டை மாடியில் எங்கோ இறங்கி, வயர் செல்லும் பைப்பின் இணைப்பு ஒன்றில் புகுந்து, அந்தப் பைப் வழியே ஓடி, திறந்திருக்கும் முதல் துளையில் வெளியேறுகிறது. கசியும் இடம் விளக்கிலிருந்து பத்தடி தள்ளிக்கூட இருக்கலாம். முதலில் அந்த விளக்கு லைனுக்கான எம்சிபியை (மீட்டர் அருகே பெட்டியில் உள்ள பாதுகாப்புச் சுவிட்ச்) இறக்கி வையுங்கள். மாடியின் தளத்தைச் சரிசெய்து, பைப் முழுவதும் உலர்ந்த பிறகு வயர்களின் இன்சுலேஷனைச் சோதித்துவிட்டே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: குளியலறைக்கும் இதே விளக்கு போதுமா? (சேலம்)

பதில்: போதாது, தூசியும் தண்ணீரும் புகாமல் காக்கும் அளவைச் சொல்லும் ஐபி எண்ணில் ஐபி44 அல்லது அதற்கு மேற்பட்ட தரம் உள்ளதை வாங்குங்கள், ஷவருக்கு நேர்மேலே என்றால் ஐபி65.

கேள்வி: ஜிப்சம் போர்டில் ஃபால்ஸ் சீலிங் செய்கிறோம். மேலே யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதால் வயரை அப்படியே விட்டுவிடலாம் என்கிறார்கள். (ஓசூர்)

பதில்: உங்களுக்குத் தெரியாது, எலிக்குத் தெரியும். பைப்பிலிருந்து விளக்குவரை ஃப்ளெக்ஸிபிள் பைப்புக்குள் வயரைக் கொண்டுவந்து கனெக்டரில் இணைக்கச் சொல்லுங்கள்; முறுக்கி டேப் சுற்றிய இணைப்பை ஏற்காதீர்கள். துளை போடுவதையும் விளக்கு கைக்கு வந்த பிறகே செய்யுங்கள், ஏனெனில் ஒரே வாட் விளக்கிற்கும் நிறுவனத்திற்கு நிறுவனம் துளை அளவு மாறும். சற்றுப் பெரிதாக வெட்டிய துளையை ஜிப்சம் போர்டில் நேர்த்தியாக அடைப்பது கடினம். அதே மாடலில் இரண்டு விளக்குகளைக் கூடுதலாக வாங்கி, பில்லோடு அலமாரியில் வைத்துவிடுங்கள். சில ஆண்டுகள் கழித்து அதே துளைக்கும் அதே வெண்மைக்கும் பொருந்தும் விளக்கைத் தேடிக் கடை கடையாக அலைந்த வாடிக்கையாளர்கள் எனக்கு நிறைய உண்டு.