குருக்களே தங்கள் பேராயரிடம் கணக்குக் கேட்டுப் போராடுவது கீழ்ப்படியாமை ஆகாதா?

ஆகாது. நான் கேரளத்தின் எர்ணாகுளத்தில் வேலை பார்த்த வருடங்களில்தான் அங்கே திருச்சபை நில விற்பனைப் பிரச்சினை வெடித்தது. பக்கத்திலிருந்து பார்த்ததால் உறுதியாகவே சொல்கிறேன்.

கேரளக் கத்தோலிக்கர்களின் சீரோ மலபார் திருச்சபையில், பேராயரின் நிர்வாகத்தில் உள்ள எர்ணாகுளம்-அங்கமாலி உயர் மறைமாவட்டம், மருத்துவக் கல்லூரி கட்டும் எண்ணத்தில் சுமார் 60 கோடி ரூபாய் வங்கிக் கடனெடுத்து, அங்கமாலி பக்கம் மற்றூரில் நிலம் வாங்கியது. கல்லூரி வரவில்லை, வட்டிதான் ஏறியது. கடனை அடைக்க, கொச்சியில் 5 இடங்களில் இருந்த சுமார் 3 ஏக்கரை விற்றார்கள். 27 கோடி வரவேண்டிய இடத்தில் கைக்கு வந்தது 9 கோடி சொச்சம். மீதிக்கு ஈடு என்று கோட்டப்படியிலும் தேவிகுளத்திலும் நிலம் எழுதி வாங்கினார்கள். கடைசியில் கடன் 80 கோடியைத் தாண்டியது.

உரிய குழுக்களின் ஒப்புதல் முறையாகப் பெறப்படவில்லை என்பதுதான் குருக்களின் முதல் குற்றச்சாட்டு. தனக்கு இதில் ஆதாயம் எதுவும் இல்லை என்று அப்போதைய பேராயர் கர்தினால் ஆலஞ்சேரி தரப்பில் சொன்னார்கள். 2018 மார்ச்சில் நூற்றுக்கும் மேற்பட்ட குருக்கள் பேராயர் இல்லத்தில் கூடி, அவர் நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும் என்று மனு கொடுத்தார்கள்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டுச் சேச்சிக்கு முதலில் குருக்கள் மேல்தான் கோபம். "அச்சன்மாரே இப்படி இறங்கினால் ஊர் சிரிக்காதா?" என்றார். அப்புறம் ஒருநாள் பத்திரிகையில் அந்தத் தொகைகளைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு பிடியரி பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துக் கோவிலுக்குக் கொடுக்கும் வழக்கம் அது. 19-ஆம் நூற்றாண்டில் சாவறா குரியாக்கோஸ் அச்சன் ஏழைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்காகப் பரப்பியது. சேச்சியின் அம்மா கஷ்டமான காலத்திலும் அதை நிறுத்தவில்லையாம். கோவில் சொத்து என்றால் சேச்சிக்கு அந்த அரிசிதான் நினைவுக்கு வருகிறது.

குருக்கள் கேட்டதும் அந்தச் சொத்துக்கான கணக்கைத்தான். பங்கு மக்கள் முகத்தைப் பார்த்துக் காணிக்கை கேட்பவர்கள் அவர்கள். கணக்கு எங்கே என்று மக்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. குருப்பட்டம் பெறும் நாளில் ஆயருக்குக் கீழ்ப்படிவதாகக் கொடுத்த வாக்குக்குள், கணக்கை மக்களிடமிருந்து மறைப்பதும் அடங்கும் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

2018 ஜூனில் வத்திக்கான் தனி நிர்வாகியை நியமித்தது. சரி, தீர்ந்தது என்று நினைத்தோம். அடுத்த ஜூனில் நிர்வாகம் மறுபடி கர்தினால் கைக்கே வந்தது, துணை ஆயர்கள் இருவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்கள். குருக்கள் பேராயர் இல்லத்திலேயே உண்ணாவிரதம் இருந்தார்கள். சேச்சி அன்று குருக்களுக்காக ஜெபமாலை சொன்னார்.

எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. 2021-க்குப் பிறகு, திருப்பலியில் குரு மக்களை நோக்கி நிற்பதா, பீடத்தை நோக்கி நிற்பதா என்ற சண்டை மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டது. 2023 டிசம்பரில் கர்தினால் பதவி விலகினார். இப்போது எர்ணாகுளம் என்றாலே எல்லோரும் திருப்பலித் தகராறைத்தான் சொல்கிறார்கள். அந்த 3 ஏக்கரை யாரும் கேட்பதில்லை.