மலைப்பாதையில் நின்றுபோன வாடகைக் கார்

கேள்வி: சென்ற மாதம் மதுரையில் வாடகைக்குக் கார் எடுத்து, என் கணவரே ஓட்ட, குடும்பத்துடன் கொடைக்கானலுக்குக் கிளம்பினோம். டம்டம் பாறையைத் தாண்டியதும் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்ட இடமில்லாமல் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியதில் கார் நின்றுவிட்டது. உரிமையாளர் எங்கள் மீதே பழி போட்டு, முன்பணம் 10,000 ரூபாயைத் தர மறுக்கிறார். அடுத்த மாதம் மாமியாரை ராமேஸ்வரம் அழைத்துச் செல்ல வேண்டும். பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
- வாசகி, அண்ணா நகர், மதுரை

பதில்: அன்புச் சகோதரிக்கு, குடும்பத்தோடு மலைப்பாதையில் நின்று தவித்ததை எழுதியிருக்கிறீர்கள், படிக்கவே மனம் பதறியது.

முதலில் பணத்தைப் பார்ப்போம். ரேடியேட்டர் குழாய் வெடித்தாலும், விசிறி சுற்றாமல் போனாலும் அது வண்டியைப் பராமரிப்பவரின் பொறுப்பு. ஆனால் முள் சிவப்புக்கு வந்த பிறகும் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் தலைப்பகுதி கசியாமல் அடைக்கும் தகடு) போய்விடக்கூடும். அந்தச் செலவில் உங்களுக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆகவே ஒர்க்‌ஷாப் பில்லையும் கழற்றிய பாகங்களையும் காட்டும்படி இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். குழாய் மட்டும் மாற்றப்பட்டிருந்தால் நீங்கள் ஒரு ரூபாயும் இழக்க வேண்டியதில்லை. பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலே, இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்களே மனுச் செய்யலாம்.

அடுத்த முறை சாவியை வாங்கும் முன் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது நாமே ஓட்டிக்கொள்ள அனுமதி பெற்ற வாடகை வண்டி. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்தால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பானெட்டைத் திறந்து கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பாவைப் பாருங்கள்: திரவம் இரண்டு கோடுகளுக்கு நடுவே, தெளிவான நிறத்தில் நிற்க வேண்டும், துருப்பிடித்த செம்மண் தண்ணீர்போல் இருந்தால் அந்த வண்டியே வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ராமேஸ்வரம் சாலை சமவெளிதான் என்றாலும் வெயிலில் வேகமாக ஓடும்போது பழைய டயர் வெடிக்கக்கூடும் என்பதால், எனக்கு என்ஜினைவிட இதில்தான் கவலை அதிகம். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்பதையும் பார்த்து, எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வழியில் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாக வையுங்கள். என்ஜின் சூட்டில் ஒரு பகுதி உள்ளே வந்துவிடும், அந்தப் புழுக்கத்தோடு முதலில் கிடைக்கும் அகலமான இடத்தில் ஒதுங்கி அணைத்துவிடலாம். ஏற்றமாக இருந்தால் பின்சக்கரத்துக்குக் கல்லை முட்டுக்கொடுத்து, முக்கோணப் பலகையை வளைவுக்கு முன்பே வையுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் அரைமணி நேரத்துக்குத் தொடவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும். உரிமையாளருக்குத் தெரிவிக்காமல் வழிமெக்கானிக்கிடம் பிரிக்கக் கொடுத்தால் பழி மறுபடியும் உங்கள் தலையில்தான் விழும்.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033-ஐ அழையுங்கள். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என வழியெங்கும் உதவிக்கு ஊர்கள் உண்டு. பாம்பன் பாலத்தில் ஒதுங்க வசதியில்லாததால், மண்டபத்தில் ஒருமுறை நிறுத்தி முள்ளையும் டயரையும் பார்த்துவிட்டு ஏறுங்கள். மாமியாரின் மாத்திரைகளையும் தண்ணீரையும் டிக்கியில் வைக்காமல் அவர் மடியருகே வையுங்கள்.