உழவர் சந்தையில் பத்து மணிக்கு நல்ல காய் கிடைக்காது

காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். முதல் தடவை பத்து மணிக்குப் போனதில் வாடிய கீரையும் முற்றின வெண்டைக்காயும்தான் இருந்தன, பேரமும் படியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காய் விஷயத்தில் நேரம்தான் காரணமாக இருக்கும். விவசாயிகள் விடியும் முன்பே வந்து கடை போட்டுவிடுவார்கள், நல்லது முதலில் போய்விடும்.

பேரம் படியாததற்குக் காரணம் வேறு. உழவர் சந்தைகளில் அன்றன்றைய விலையை நிர்வாகமே முடிவு செய்து பலகையில் எழுதிப் போடும். உள்ளே நுழைந்ததும் அதைப் பாருங்கள். கேட்கும் விலை அதைவிடக் கூடுதல் என்றால் அங்கேயே இருக்கும் அலுவலகத்தில் சொல்லலாம். பலகை விலைக்கே தருகிறவரிடம் மேலும் குறைக்கச் சொல்லாதீர்கள், பாவம், இரவெல்லாம் கண் விழித்துப் பறித்துக் கொண்டு வந்திருப்பார்.

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பாருங்கள். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல்.

ஒன்று மட்டும்: வாசலுக்கு வெளியே சாலையோரக் கடைகளுக்கு அந்தப் பலகை விலை பொருந்தாது. அப்புறம், துணிப்பையும் சில்லறையும் மறக்காதீர்கள்.