தருமி அழுத இடம்

அன்புள்ள ஐயா,

சின்ன வயதில் எனக்கு மிகவும் பிடித்த படம் ‘திருவிளையாடல்’. பெரியம்மா வீட்டு வீடியோ டெக்கில் போட்டுப் போட்டே அந்தக் கசெட் தேய்ந்துபோனது. தருமியாக வரும் நாகேஷ் தனியாக நின்று புலம்பும் இடத்தில் வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். ஒன்பது வயதில் நான் மட்டும் அழுதேன். “பகிடிக்கு அழுத பிள்ளை” என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். போன கிழமை மகனோடு இருந்து பார்த்தேன். மறுபடியும் கண் கலங்கியது. நாகேஷை நான் பிழையாக விளங்கிக்கொண்டேனா?

சு., வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரி,

பிழையே இல்லை. எனக்கு அது விளங்க உங்களைவிடக் கூடுதல் காலம் எடுத்தது.

அந்தப் படத்தை நான் கண்ணால் பார்க்கும் முன்பே காதால் கேட்டுவிட்டேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கம் கலியாண வீடு, கோயில் திருவிழா என்றால் ஒலிபெருக்கியில் திருவிளையாடல் வசனம் போகும். முடுக்குக்குள் நாங்களும் அதை நடிப்போம். சிவனாக ஒருத்தன், நக்கீரராக ஒருத்தன். தருமி வேசத்துக்குத்தான் அடிபிடி. குறுந்தொகையின் ‘கொங்குதேர் வாழ்க்கை’ பள்ளிக்கூடத்துக்கு முன்பே எங்களுக்குப் பாடமானது அப்படித்தான். வீட்டில் கன்னடம் பேசி வளர்ந்த தாராபுரத்துக்காரர் நாகேஷ் கொழும்புப் பிள்ளைகளுக்குச் சங்கப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது.

காதால் கேட்டவரை அது வெறும் பகிடி. அப்புறம் 1987 வாக்கில் பக்கத்து வீட்டில் டெக் வாடகைக்கு எடுத்து, இரவிரவாக மூன்று படம் போட்டார்கள். அப்போதுதான் ஆளைப் பார்த்தேன். எலும்பும் தோலுமான உடம்பு, ஓரிடத்தில் நிற்காத கால். ஆயிரம் பொன்னை நினைத்து அவர் புலம்பும்போது, யாராவது சிரிக்கிறார்களா என்று பார்க்கிற நடிகரே அங்கே இல்லை. பசித்த ஒருவன் கடவுளோடு வழக்குப் பேசுகிறான். எதிரே சிவாஜி வந்து நின்ற பிறகும் நம் கண் நாகேஷை விட்டு நகராது. 1965இல் அது லேசான காரியமா? சேர்ந்தே இருப்பது எது என்று தருமி கேட்க, வறுமையும் புலமையும் என்று பதில் வரும். கேட்டவனின் கதையே அதுதான்.

அன்றிரவு நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன், ஓர் இடம் வரைக்கும். சபையில் நக்கீரர் பாட்டில் குற்றம் இருக்கிறது என்கிறார். பிழை எவ்வளவோ அவ்வளவுக்குப் பரிசைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தைத் தரச் சொல்லித் தருமி கெஞ்சுகிறான். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

காரணம் இதுதான். அதற்கு முந்தின வருடம் அப்பம்மாவின் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு, அதாவது இறந்தவரைப் பாடும் நினைவுப் புத்தகம், அடித்தோம். பாட்டெல்லாம் எங்கள் முடுக்கில் இருந்த ஒரு முதியவர் எழுதினார். கலியாண வாழ்த்துப்பா, கல்வெட்டு, இவைதான் அவருடைய வருமானம். அச்சாகி வந்தபோது ஒரு பாட்டில் ‘தாழ்’ என்று வரவேண்டியது ‘தாள்’ என்று இருந்தது. அப்பா முகத்தைச் சுளித்தார். பிழை எழுதினவருடையதா அச்சுக் கோத்தவருடையதா என்று யாரும் கேட்கவில்லை. அவர் வாசற்படியை விட்டு இறங்காமல், குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அதுக்கேத்த மாதிரிக் குறைச்சுக்கொண்டு தாங்கோ தம்பி” என்றார். அப்பா குறைத்துத்தான் கொடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

டெக்கில் படம் ஓடிய அந்த இரவு அப்பா எனக்கு முன்னால் கதிரையில் இருந்தார். அந்த வசனம் வந்தபோது அவர் சிரித்தாரா என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

நாகேஷ் 2009 ஜனவரி 31 அன்று போனார். வன்னியில் போர் உச்சத்தில் இருந்த நாட்கள் அவை. கொழும்பில் நாங்கள் தொலைபேசி அடித்தாலே நெஞ்சு பதறுகிறவர்களாக இருந்தோம். அவருடைய மரணச் செய்தியைக் கேட்டேன், சரி என்று அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். ஒரு நடிகருக்காக அழுவது அப்போது யாருக்கும் தோன்றியிராது. அந்தக் கடன் எனக்குள் கிடந்துகொண்டே இருந்தது. உங்கள் கடிதம் வந்த இரவு அந்தக் காட்சியைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். பதினைந்து வருடத்துக்கு மேல் பிந்தித்தான் அழுதேன்.

மகன் சிரித்தால் சிரிக்க விடுங்கள். நாகேஷ் அதையும் மனதாரத்தான் தந்தார். உங்கள் கண்ணீரை மட்டும் அவனுக்கு மறைக்க வேண்டாம்.

அப்பம்மாவின் கல்வெட்டில் ஒரு பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்பா காலமான பிறகு அவருடைய பெட்டிக்குள் கிடைத்தது. ‘தாள்’ மேல் நீலப் பேனையால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் அவருடைய கையெழுத்திலேயே ‘தாழ்’ என்று திருத்தியிருக்கிறார். கீழே ஒரு தொகையும் குறித்திருக்கிறார். அன்றைக்குக் குறைத்த காசு.