கேள்வி – பதில்: கப்பல் படியிறங்கும் ஆறு

கேள்வி: அடுத்த ஆண்டு என் பெற்றோரை டான்யூப் ஆற்றில் பாஸாவ் நகரிலிருந்து வியன்னா வரை கப்பலில் அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். வழியில் பல இடங்களில் ‘லாக்’ எனப்படும் தொட்டிக்குள் கப்பலை நிறுத்தி, நீரை வடித்துக் கீழே இறக்குவார்கள் என்று பயண முகவர் சொன்னதிலிருந்து அம்மா தயங்குகிறார். கதவு உடைந்துவிட்டால் என்ன ஆவது, கப்பல் சட்டென்று விழாதா என்று கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?
– வாசகி, தோ பாயோ

பதில்: கப்பல் விழுவதற்கு அங்கே வழியே இல்லை என்று தாயாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். நீர்மின் அணையின் மேற்புறம் ஆறு உயர்ந்தும் கீழ்ப்புறம் தாழ்ந்தும் நிற்பதால், அந்த வேறுபாட்டைக் கடப்பதற்கென்றே அணையை ஒட்டி, இரு முனைகளிலும் கதவுகள் கொண்ட நீண்ட கான்கிரீட் தொட்டியைக் கட்டியிருக்கிறார்கள். நிறைந்திருக்கும் தொட்டிக்குள் கப்பல் நுழைந்ததும் மேற்கதவை மூடி, அடியிலுள்ள நீர்வழிகளைத் திறந்துவிடுவார்கள். எந்த இயந்திரமும் இறைக்காமல், நீர் தானாகவே கீழாற்றுக்கு வடியும். நீர் இறங்கும் வேகத்தில்தான் அதன்மேல் மிதக்கும் கப்பலும் இறங்கும். கண்ணை மூடிக்கொண்டிருப்பவருக்கு இறங்குவதே தெரியாது.

கதவைப் பற்றிய அச்சத்துக்கும் விடை உண்டு. பல லாக்குகளில் கீழ்முனையின் இரட்டைக் கதவுகள் மேலாற்றை நோக்கி ஆப்பு வடிவில் கூடி மூடுகின்றன. உயர்ந்து நிற்கும் நீர் அழுத்த அழுத்த அவை மேலும் இறுகுமே தவிர விலகாது. இருபுற நீர்மட்டமும் சமமான பிறகே அவற்றைத் திறக்க முடியும். இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி ஏற்றி இறக்கும் முறையைச் சீனாவின் பெருங்கால்வாயில் 984ஆம் ஆண்டிலேயே சியாவ் வெய்யுவே என்ற அதிகாரி அமைத்துவிட்டார் என்பதையும் சொல்லலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழகிய நுட்பம் என்றால் பெரியவர்களுக்கு ஒரு நம்பிக்கை பிறக்கும்.

நீங்கள் குறிப்பிடும் வழியில் யோகன்ஸ்டைன் தொடங்கி கிரைஃபன்ஸ்டைன் வரை ஒன்பது லாக்குகள் வரும். ஒவ்வொன்றையும் கடக்க ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகலாம். முன்னால் சரக்குக் கப்பல்கள் காத்திருந்தால் கூடுதலாகும். இங்குள்ள தொட்டிகள் 24 மீட்டர் அகலமானவை என்பதால் இரண்டு பயணக் கப்பல்கள் அருகருகே நிற்க இடமிருக்கும். ஜெர்மனியில் டான்யூபை ரைன் ஆற்றுப் பக்கத்தோடு இணைக்கும் ரைன்–மைன்–டான்யூப் கால்வாயில் தொட்டிகளின் அகலம் 12 மீட்டர்தான். பயணக் கப்பலின் அகலமே 11 மீட்டருக்கு மேல் இருப்பதால், அங்கே சாளரத்துக்கு வெளியே ஈரச் சுவரைத் தவிர வேறெதுவும் தெரியாது. தாயாருக்கு இருள் ஒத்துக்கொள்ளாது என்றால் அந்தக் கால்வாய் வழியாகச் செல்லும் நீண்ட பயணத்தைத் தவிர்த்து, இப்போது தேர்ந்தெடுத்த வழியிலேயே செல்லுங்கள். இரவில் லாக்கைக் கடக்கும்போது கப்பல் சுவரில் இலேசாக உரசும் ஒலி கேட்கக்கூடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. என்னைக் கேட்டால், பகலில் வரும் ஒரு லாக்கையாவது மேல்தளத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து அவர் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்று அவரே கேட்பார்.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது ஆற்றின் நீரளவைப் பற்றித்தான். 2024 செப்டம்பரில் ஆஸ்திரியாவில் டான்யூப் பெருக்கெடுத்தபோது கப்பல் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. கோடையில் நீர் வற்றினாலும் சிக்கல்தான். ஆனால் அதற்குப் பேர்போன ஸ்ட்ராவ்பிங்–ஃபில்ஸ்ஹோஃபன் பகுதி பாஸாவுக்கு மேலே இருப்பதால் உங்கள் வழியில் வராது. கப்பல் நகர முடியாத நாள்களில் பயணிகளைப் பேருந்தில் அழைத்துச் செல்வது வழக்கம். முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த நிபந்தனைகளையும் பயணக் காப்புறுதியையும் நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: சிங்கப்பூர் ஆற்றின் கிளார்க் கீயில் ஏறும் படகு மரினா விரிகுடாவைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறது. அணைக்கட்டில் இப்படியொரு லாக் வைத்தால் கடலுக்கே போகலாமே?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு கடல்நீரை வெளியே தடுத்து, உள்ளே நன்னீரைத் தேக்குகிறது. கடலுக்கும் நன்னீருக்கும் நடுவே லாக் அமைத்தால், கதவு திறக்கும்போதெல்லாம் எடை மிகுந்த உப்புநீர் அடியால் உள்ளே புகும். குடிநீர்த் தேக்கத்துக்கு அது ஆகாது. கனமழையின்போது கடல்மட்டம் தாழ்ந்திருந்தால் ஒன்பது கதவுகளைத் தாழ்த்தி நீரை வெளியேற்றுவார்கள். ஏற்றவற்றத்தில் கடல் உயர்ந்திருந்தால் ஏழு பம்புகள் அந்த வேலையைச் செய்யும். சரக்குப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு இடம்பெயர்ந்துவிட்டதால், ஆற்றிலிருந்து கடலுக்குப் போயாக வேண்டிய தேவையும் இன்று இல்லை.