துணி இருக்கட்டும், முதலில் சீட்டைத் தூக்குங்கள்

கேள்வி: நானும் நண்பரும் சேர்ந்து 1968-இல் தயாரான செஸ்னா 172 விமானம் ஒன்றை வாங்கியிருக்கிறோம். என்ஜினில் குறையில்லை. உள்ளே ஏறினால்தான் அழுகை வருகிறது. சீட் துணி இற்றுவிட்டது, கூரைத் துணி தலையில் தொங்குகிறது, பிளாஸ்டிக் பலகைகள் தொட்டாலே உடைகின்றன. கார் சீட் தைப்பவரிடம் கொடுத்து லெதர் போட்டுவிடலாமா?

பதில்: தைக்கத் தாராளமாகக் கொடுங்கள். சில கார் தையல்காரர்களின் கை எங்கள் கையைவிடச் சுத்தம். ஆனால் அவரிடம் இருக்கும் துணியும் ஃபோமும் வேண்டாம். விமானத்துக்குள் போகிற ஒவ்வொன்றுக்கும் தீச்சோதனைச் சான்று வேண்டும்; அந்தத் தாளைப் பராமரிப்புப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். எதை நீங்களே செய்யலாம், எதில் கையொப்பம் வேண்டும் என்பதை வேலை தொடங்குமுன்பே உங்கள் பொறியாளரிடம் பேசிவிடுங்கள். முடித்துவிட்டுப் போய் நின்றால் பாதியைப் பிரிக்கச் சொல்வார். நானே சொல்லியிருக்கிறேன்.

துணி கிடக்கட்டும். சீட்டைக் கழற்றியதும் தரையில் இருக்கும் தண்டவாளத்தைப் பாருங்கள். சீட்டிலிருந்து இறங்கும் பூட்டு ஆணி, அதிலுள்ள துளையில் விழுந்துதான் சீட் நிற்கிறது. வருடக்கணக்கில் உரசி உரசித் துளை முட்டை வடிவாகும், ஆணி தேயும், தண்டவாளத்தில் விரிசலும் விடும். விமானம் வேகமெடுத்து மூக்கைத் தூக்கும் நேரத்தில் சீட் வழுக்கிப் பின்னால் போனால், விமானி பிடித்திருக்கும் கைப்பிடியும் அவரோடு பின்னால் வரும். மூக்கு இன்னும் மேலே போகும், இறக்கை தூக்குவிசையை இழக்கும். இப்படி விபத்துகள் நடந்த பிறகுதான் 1987-இல் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. இந்தத் தண்டவாளப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. சீட் வெளியே இருக்கும்போது டார்ச் அடித்து ஒவ்வொரு துளையாகப் பார்ப்பது எவ்வளவு சுலபம்!

அடுத்தது பக்கப் பலகைகளின் பின்புறம். அங்கே பழைய கண்ணாடிப் பஞ்சு இருந்தால், அது தண்ணீரைக் குடித்து அலுமினியத் தகட்டோடு ஒட்டிக் கிடக்கும். எலி குடியிருந்தால் இன்னும் மோசம், அதன் சிறுநீர் தகட்டை அரித்துவிடும். அரிப்பின் அடையாளமான வெண்பொடி கண்ணில் பட்டால் துணி வேலையை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். உடைந்த பலகைகளைத் தூக்கி எறியாதீர்கள். புதியவை பெரும்பாலும் துளையில்லாமல், ஓரம் வெட்டாமல்தான் வரும். அளவு எடுக்கப் பழசுதான் அச்சு. கூரைத் துணியைத் தாங்கும் கம்பிகள் ஒவ்வொன்றும் ஒரு நீளம், கழற்றும்போதே எண் போட்டுவிடுங்கள்.

ஸ்க்ரூவிலும் கவனம் வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், கைக்கு அகப்பட்ட நீள ஸ்க்ரூ ஒன்றைப் பலகையில் முடுக்கினேன். அது பின்னால் ஓடிய மின்கம்பியைக் குத்தி நின்றது. அன்று வாங்கிய வசவு இன்னும் காதில் இருக்கிறது. எந்த இடத்திலிருந்து எது வந்ததோ, அதே நீளம்தான் திரும்பப் போக வேண்டும்.

லெதர் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கனம். லெதர், தடித்த ஃபோம், கம்பளம் எல்லாம் சேர்ந்து 8 கிலோ கூடினால், அது சுமார் 11 லிட்டர் பெட்ரோலின் எடை. உங்கள் விமானத்துக்கு அது ஏறக்குறைய 20 நிமிடப் பறப்பு. எது போட்டாலும் கடைசியில் எடையையும் ஈர்ப்பு மையத்தையும் திரும்பக் கணக்கிட்டுப் பதிய வேண்டும். என்னைக் கேட்டால் உட்காரும் இடத்துக்குக் கம்பளித் துணி, ஓரங்களுக்கு மட்டும் லெதர். வெயிலில் நின்ற விமானத்தில் ஏறும்போது முதுகு என்னை வாழ்த்தும்.

கேள்வி: ஜன்னல்களையும் பளபளப்பாக்க ஆசை. வீட்டுக் கண்ணாடி துடைக்கும் திரவம் போதுமா?

பதில்: கூடவே கூடாது. அது கண்ணாடி அல்ல, அக்ரிலிக். அந்தத் திரவங்கள் பலவற்றில் இருக்கும் அம்மோனியா, முடி முடியாக வெடிப்பு விடச் செய்யும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி, வெறும் கையால் தடவித் தூசியை இறக்குங்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டு.